ஆலன் புளூம்லைன்: ஸ்டீரியோ ஒலியைக் கண்டுபிடித்த இந்த இன்ஜினியரின் மரணம் ரகசியமாக வைக்கப்பட்டது ஏன்?

இரவு 11 மணி. ஒரு பிளாட்டில் மூன்று நண்பர்கள், ஒரே லேப்டாப்பில் ஒரே படம். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டக்கூடாது என்பதற்காக ஆளுக்கொரு வயர்லெஸ் ஹெட்போன். காமெடி சீன் வருகிறது. ஒருவர் முதலில் சிரிக்கிறார். இன்னொருவர் கொஞ்சம் கழித்து சிரிக்கிறார். மூன்றாமவர் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

ஒரே ஒலியை, பல பேருடைய காதுகளுக்கு, ஒரே நேரத்தில், அதுவும் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்ற உணர்வோடு கொண்டு சேர்ப்பது சும்மா இல்லை. ஹெட்போன் நிறுவனங்கள் இன்னமும் இதற்காக மெனக்கெட்டுக் கொண்டிருக்கின்றன.

இந்தப் பிரச்னையின் முக்கியமான பாதியை, 1931லேயே காகிதத்தில் தீர்த்து வைத்த ஒருவர் இருந்தார். பெயர் ஆலன் டவர் புளூம்லைன். அப்போது அவருக்கு வயது 28. அதற்குப் பிறகு அவர் வாழ்ந்தது பதினொரு ஆண்டுகள் கூட இல்லை.

யார் இவர்? இவருக்கும் உங்கள் காதில் இருக்கும் இயர்பட்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

காலிங் பெல்லுக்கு பில் போட்ட சிறுவன்

புளூம்லைன் 1903 ஜூன் 29 அன்று லண்டனில் பிறந்தார். அப்பா ஜெர்மனியில் பிறந்த யூதர். அம்மா, தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மிஷனரி ஒருவரின் மகள்.

ஏழு வயதில் வீட்டு அழைப்பு மணியை ரிப்பேர் செய்துவிட்டு, அந்த வேலைக்கு அப்பாவிடம் முறையாக ஒரு பில் நீட்டினாராம். கீழே தன் பெயரோடு எலெக்ட்ரிகல் இன்ஜினியர் என்றும் எழுதிக் கையெழுத்து போட்டிருந்தார். ஆனா, படிப்பு அவ்வளவு சுலபமாக வரவில்லை. 12 வயது வரை சரளமாக வாசிக்கவே தெரியாது. கணக்கு மட்டும் வயதை மீறி வந்தது.

பிறகு ஹைகேட் பள்ளி, அங்கிருந்து லண்டன் சிட்டி அண்ட் கில்ட்ஸ் கல்லூரி. முதல் வகுப்பில் பட்டம். 1924ல் இன்டர்நேஷனல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்த வேலை, நீண்ட தூர தொலைபேசிக் கம்பிகளில் ஒருவர் பேச்சு பக்கத்துக் கம்பியில் கசிவதைத் தடுப்பது. கிராஸ் டாக் என்று இதைச் சொல்வார்கள். அருகருகே ஓடும் இரண்டு சிக்னல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது. இந்தக் கவலை அவருடைய பிற்கால வேலைகளிலும் தொடர்ந்து வருவதைப் பார்க்கலாம்.

ராயல்டியிலிருந்து தப்பிக்கத் தேவைப்பட்ட மூளை

1929ல் கொலம்பியா கிராஃபோஃபோன் நிறுவனத்துக்கு மாறினார். அங்கே ஐசக் ஷோன்பர்க் என்ற ரஷ்யாவில் பிறந்த நிர்வாகி அவருக்கு மேலதிகாரி.

அந்தக் காலத்தில் மைக் வைத்து மின்சார முறையில் இசைத்தட்டு பதிவு செய்ய வேண்டுமானால், அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் காப்புரிமைக்கு ராயல்டி கட்ட வேண்டும். விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் பணம். அந்தக் காப்புரிமையைத் தொடாமலே அதே வேலையைச் செய்யும் கருவியை உருவாக்குங்கள் என்பதுதான் புளூம்லைனுக்கு வந்த உத்தரவு.

அவரும் குழுவினரும் முற்றிலும் வேறு முறையில் இயங்கும் பதிவுக் கருவியை வடிவமைத்தார்கள். ராயல்டி நின்றது. ஒலியின் தரமும் கூடியது.

1931ல் கொலம்பியாவும், நாய்ப்படம் போட்ட எச்எம்வி தட்டுகளை வெளியிட்ட கிராமபோன் கம்பெனியும் இணைந்து இஎம்ஐ ஆனது. இந்தியாவில் நம்ம தாத்தா பாட்டி கேட்ட எச்எம்வி இசைத்தட்டுகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். அதன் இந்திய நிறுவனம்தான் இன்றைய சரிகம.

தியேட்டரில் வந்த சந்தேகம்

1931ல் ஒரு நாள், வருங்கால மனைவி டோரீனோடு புளூம்லைன் சினிமாவுக்குப் போனார். பேசும் படம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. திரையில் நடிகர் ஒரு ஓரத்தில் இருப்பார், குரல் வேறொரு இடத்தில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வரும். நடிகர் நடந்து போவார், குரல் நகராது.

மற்றவர்கள் கதையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கண்ணை மூடிக்கொண்டால் அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று புளூம்லைன் யோசித்துக்கொண்டிருந்தார். நடிகர் போகும் இடத்துக்கெல்லாம் குரலையும் போக வைக்க முடியும் என்று அன்றே டோரீனிடம் சொன்னதாகக் குடும்பத்தில் ஒரு கதை உண்டு.

1931 டிசம்பர் 14 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பிரிட்டிஷ் காப்புரிமை எண் 394,325. அதில் 70 உரிமைக் கோரிக்கைகள். மைக்கை எப்படி வைப்பது, ஒலியை எப்படிப் பதிவது, தட்டில் எப்படி வெட்டுவது, சினிமாவில் எப்படிப் பயன்படுத்துவது என்று முழு அமைப்பும் அந்த ஒரே ஆவணத்தில் இருந்தது. 1933ல் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டு டோரீனோடு திருமணமும் நடந்தது.

ஸ்டீரியோ என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. இரு காதுகளையும் குறிக்கும் பைனாரல் என்ற சொல்லையே பயன்படுத்தினார்.

அவர் மட்டும்தான் இதை யோசித்தாரா? இல்லை. 1881லேயே பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில், கிளெமென்ட் ஆடர் என்பவர் ஓபரா அரங்கத்திலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக இரண்டு காதுக்கும் தனித்தனியாக இசையை அனுப்பிக் காட்டியிருந்தார். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆர்தர் கெல்லர் 1932ல் இரு தட ஒலிப்பதிவுகளைச் செய்தார். ஆனால் மைக் முதல் ஸ்பீக்கர் வரை முழு அமைப்பையும் முதலில் காப்புரிமையாக எழுதி வைத்தவர் புளூம்லைன்.

சரி, அவர் அப்படி என்னதான் செய்தார்?

கொஞ்சம் எண்களைப் பார்ப்போம்.

உங்கள் வலது பக்கம் ஒருவர் கை தட்டுகிறார். ஒலி ஒரு விநாடிக்கு சுமார் 343 மீட்டர் வேகத்தில் வருகிறது. வலது காதுக்கு முதலில் போகும். தலையைச் சுற்றி இடது காதுக்குப் போக அதிகபட்சம் 0.6 முதல் 0.7 மில்லிவிநாடி கூடுதலாக ஆகும். அதாவது ஒரு விநாடியை ஆயிரமாக வெட்டினால், அதில் ஒரு துண்டுக்கும் குறைவு. இந்தச் சின்ன வித்தியாசத்தையும், இரு காதுகளிலும் ஒலியின் அளவில் இருக்கும் வித்தியாசத்தையும் வைத்துத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது.

ஹெட்போனில் இது நேரடியாக வேலை செய்யும். இடது ஒலி இடது காதுக்கு மட்டும், வலது ஒலி வலது காதுக்கு மட்டும். ஆனால் தியேட்டரில் ரெண்டு ஸ்பீக்கரின் ஒலியும் ரெண்டு காதுக்கும் போய்விடும். நேர வித்தியாசம் குழம்பிவிடும்.

புளூம்லைன் கண்டுபிடித்த வழி இது: மைக்குகளில் பதிவான நேர வித்தியாசத்தை, ஒலி அளவு வித்தியாசமாக மாற்றி ஸ்பீக்கர்களுக்கு அனுப்ப வேண்டும். அப்போது ரெண்டு ஸ்பீக்கரின் ஒலியும் காதருகே கலக்கும்போது, இயற்கையில் இருக்கும் நேர வித்தியாசம் திரும்பவும் உருவாகும். ஹெட்போனுக்குப் பொருந்தும் ஒலியை ஸ்பீக்கருக்குப் பொருந்தும் ஒலியாக மாற்றும் இந்த வேலைக்கான மின்சுற்றையும் அவரே எழுதிக் கொடுத்தார்.

அடுத்த சிக்கல், இரண்டு ஒலிகளையும் இணைபிரியாமல் வைத்திருப்பது. இடது ஒலியை ஒரு தட்டிலும் வலது ஒலியை இன்னொரு தட்டிலும் பதிந்தால், ரெண்டும் ஒரே வேகத்தில் சுற்ற வாய்ப்பே இல்லை. அதனால் ஒரே பள்ளத்தில் இரண்டையும் பதியலாம் என்றார் புளூம்லைன். இசைத்தட்டில் ஊசி ஓடும் அந்தப் பள்ளத்தின் இரண்டு சுவர்களும் 45 டிகிரி சாய்ந்திருக்கும். ஒரு சுவரில் இடது, மறு சுவரில் வலது. ஊசி ஒன்றுதான் என்பதால் ஒலிகள் பிரிய வழியே இல்லை.

இதில் ஒரு எளிய கணக்கும் ஒளிந்திருக்கிறது. இடது ஒலியின் மதிப்பு 7, வலது 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 12, கழித்தால் 2. இந்த 12ஐயும் 2ஐயும் மட்டும் அனுப்பினால் போதும். மறுமுனையில் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 7, கழித்துப் பாதியாக்கினால் 5. ஊசி பக்கவாட்டில் அசைவது கூட்டலைச் சொல்லும், மேலும் கீழும் அசைவது வித்தியாசத்தைச் சொல்லும். வித்தியாசம் கிடைக்காமல் போனாலும், கூட்டல் மட்டும் இருந்தால் மோனோவாக முழுப் பாட்டையும் கேட்கலாம்.

நடந்து, பேசி, பதிவு செய்த குழு

1933 டிசம்பரில் ஹேய்ஸ் நகரில் இருந்த இஎம்ஐ ஆய்வகத்தில் சோதனைகள் தொடங்கின. இன்ஜினியர்களே மைக் முன்னால் இப்படியும் அப்படியும் நடந்து பேசிப் பதிவு செய்தார்கள். 1934 ஜனவரியில், பின்னாளில் பீட்டில்ஸ் குழுவால் புகழ்பெற்ற அபே ரோடு ஸ்டுடியோவில், தாமஸ் பீச்சம் தலைமையில் லண்டன் பில்ஹார்மோனிக் இசைக்குழு மொசார்ட்டின் ஜூபிடர் சிம்பொனியை ஒத்திகை பார்த்தது ஸ்டீரியோவில் பதிவானது. 1935ல் ஸ்டீரியோ ஒலியோடு சிறு சோதனைப் படங்களும் எடுத்தார்கள். அதில் ஒன்று, ஹேய்ஸ் ரயில் நிலையத்தைக் கடந்து போகும் ரயில்களின் படம்.

அதோடு வேலை நின்றது. உலகப் பொருளாதார மந்தம் நீடித்த காலம் அது. இரண்டு ஸ்பீக்கர் வைத்த கிராமபோனை வாங்க ஆளில்லை என்று நிறுவனம் கணக்குப் போட்டது. அதைவிடப் பெரிய வாய்ப்பாகத் தெரிந்தது தொலைக்காட்சி. புளூம்லைனும் அந்தப் பக்கம் போனார்.

அதிலும் அவர் கை பலமாகவே இருந்தது. இஎம்ஐ குழு உருவாக்கிய 405 வரி தொலைக்காட்சி முறையில் அவர் முக்கியப் பங்கு வகித்தார். 1936 நவம்பரில் பிபிசி தன் தொலைக்காட்சி சேவையை இந்த முறையோடும் ஜான் லோகி பேர்டின் முறையோடும் தொடங்கியது. சில மாதங்களில் பேர்டின் முறை கைவிடப்பட்டது. 405 வரி முறை பிரிட்டனில் 1985 வரை ஓடியது.

18 ஆண்டு வேலை வாழ்க்கையில் அவர் பெயரில் 128 காப்புரிமைகள். சராசரியாகப் பார்த்தால், ஏழு வாரத்துக்கு ஒன்று.

ரேடார், போர், ஹாலிஃபாக்ஸ் விமானம்

இரண்டாம் உலகப் போர் வந்ததும், இஎம்ஐ இன்ஜினியர்கள் ரேடார் வேலைக்குத் திருப்பப்பட்டார்கள். புளூம்லைன் கடைசியாக வேலை செய்த திட்டத்தின் பெயர் எச்2எஸ். மேகம் மூடிய இரவிலும் கீழே இருக்கும் நிலப்பரப்பை விமானத்துக்குள் ஒரு திரையில் வரைந்து காட்டும் ரேடார் அது. ஜெர்மன் நகரங்கள் மீது குண்டு வீசும் விமானங்களுக்காக உருவானது.

1942 ஜூன் 7. டெஃபர்ட் விமான தளத்திலிருந்து வி9977 என்ற எண் கொண்ட ஹாலிஃபாக்ஸ் விமானம் சோதனைக்குக் கிளம்பியது. கருவியை நேரில் பார்க்க புளூம்லைனும், இஎம்ஐ சகாக்கள் சிசில் பிரவுன், ஃபிராங்க் பிளைதன் ஆகியோரும் ஏறினார்கள்.

பறந்துகொண்டிருந்தபோது ஒரு இன்ஜினில் தீப்பிடித்தது. விமானம் வெல்ஷ் பிக்னர் என்ற கிராமத்துக்கு அருகே விழுந்தது. அதில் இருந்த 11 பேரும் இறந்தார்கள். இன்ஜின் பராமரிப்பின்போது ஒரு வால்வு நட் சரியாக முடுக்கப்படாததுதான் காரணம் என்று விசாரணை பிறகு சொன்னது.

39வது பிறந்தநாளுக்கு 22 நாள் இருந்தது. வீட்டில் டோரீனும் இரண்டு சின்னப் பையன்களும்.

மரணம் மறைக்கப்பட்டது ஏன்?

அந்த விமானத்தில் இருந்தது, நேச நாடுகளின் மிக முக்கியமான ரகசியங்களில் ஒன்று. அதை உருவாக்கியவர்கள் ஒரே நாளில் இறந்துவிட்டார்கள் என்று தெரிந்தால், அப்படி ஒரு கருவி தயாராகிறது என்ற தகவலே எதிரிக்குப் போய்ச் சேரும். அதனால் பொது அறிவிப்பு இல்லை. விரிவான இரங்கல் குறிப்பும் அப்போது வரவில்லை.

திட்டம் நிற்கவில்லை. மிச்சமிருந்தவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். 1943 ஜனவரி இறுதியில் ஹாம்பர்க் தாக்குதலில் எச்2எஸ் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. இந்தக் குழுவில் இருந்த பெர்னார்ட் லவல், போருக்குப் பிறகு ஜோட்ரல் பேங்க் ரேடியோ தொலைநோக்கியை நிறுவி உலகப் புகழ் பெற்றார். புளூம்லைனின் பெயர் காப்புரிமை ஆவணங்களுக்குள்ளேயே தங்கிவிட்டது.

ஸ்டீரியோ இசைத்தட்டுகள் பெரிய அளவில் கடைகளுக்கு வந்தது 1958ல். 45 டிகிரி பள்ளம் என்ற அதே முறைதான் உலகத் தரமாக ஏற்கப்பட்டது. அவர் இறந்து 16 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரைப் பற்றிய விரிவான வாழ்க்கை வரலாற்று நூல்கள் வந்ததோ 1999, 2000 ஆண்டுகளில்தான்.

உங்கள் வயர்லெஸ் ஹெட்போனில் புளூம்லைன் எங்கே இருக்கிறார்?

மூன்று இடங்களில் அவரைப் பார்க்கலாம்.

முதலாவது, அந்தக் கூட்டல் கழித்தல் கணக்கு. எஃப்எம் ரேடியோவின் ஸ்டீரியோ ஒலிபரப்பு இதே முறையில்தான் நடக்கிறது. ப்ளூடூத் ஹெட்போன்களின் அடிப்படை கோடெக்கான எஸ்பிசியிலும் ஜாயின்ட் ஸ்டீரியோ என்ற வசதி உண்டு. இடது, வலது என்று அனுப்புவதற்குப் பதிலாக, கூட்டலையும் வித்தியாசத்தையும் அனுப்பி இடத்தை மிச்சப்படுத்தும்.

இரண்டாவது, சரவுண்ட் சவுண்ட். ஐந்து, ஏழு ஸ்பீக்கர்களுக்காகத் தயாரித்த சினிமா ஒலியை இரண்டு காதுக்குள் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒலியும் தலையைச் சுற்றி வரும்போது காதுகளில் என்ன நேர வித்தியாசமும் அளவு வித்தியாசமும் ஏற்படும் என்று கணக்கிட்டு, அதை ஹெட்போனுக்கு அனுப்புகிறார்கள். புளூம்லைன் ஹெட்போனிலிருந்து ஸ்பீக்கருக்குப் போனார். இப்போது அதே பாதையில் எதிர்த் திசையில் வருகிறோம், அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் கஷ்டமானது: ஒரே நேரத்தில் ஒலிப்பது. அவருக்கு ஒரே பள்ளம், ஒரே ஊசி இருந்தது. இடது இயர்பட், வலது இயர்பட் என்று பிரிந்துவிட்ட பிறகு அந்தப் பொதுப் பள்ளம் இல்லை. ஒவ்வொன்றிலும் தனித்தனி குவார்ட்ஸ் கடிகாரம். இரண்டு கடிகாரங்களுக்கும் பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் என்று வைத்தால், ஒரு நிமிடத்தில் 1.2 மில்லிவிநாடி விலகும். திசை அறிய காதுகள் நம்பும் மொத்த வித்தியாசமே 0.7தான். அப்படின்னா, ஒரு நிமிடத்துக்குள் சரவுண்ட் சவுண்ட் குழம்பிவிடும். திருத்தாமல் விட்டால், இரண்டரை மணி நேரப் படத்தின் முடிவில் விலகல் 180 மில்லிவிநாடி.

இதற்கான தீர்வு, எல்லோருக்கும் பொதுவான ஒரு கடிகாரம். 2020ல் அறிமுகமான ப்ளூடூத் எல்இ ஆடியோவும், அதன் ஒளிபரப்பு வசதியான ஆராகாஸ்டும் இப்படி வேலை செய்கின்றன. அனுப்பும் கருவி சீரான இடைவெளியில் சிக்னல் கொடுக்கும். ஹெட்போன்கள் அதை வைத்துத் தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும். ஒலித் துண்டு கைக்கு வந்ததும் உடனே ஒலிக்காது. குறிப்பிட்ட நேரம், உதாரணமாக 40 மில்லிவிநாடி, காத்திருந்து எல்லாம் ஒன்றாக ஒலிக்கும். சீக்கிரம் பெற்றவர் காத்திருப்பார், தாமதமாகப் பெற்றவரும் சேர்ந்துகொள்வார். மூன்று பேராக இருந்தாலும் முந்நூறு பேராக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

பழைய ப்ளூடூத்தில் ஒவ்வொரு ஹெட்போனுக்கும் தனித் தொடர்பு. 100 முதல் 200 மில்லிவிநாடி தாமதம் சாதாரணம், அதுவும் ஹெட்போனுக்கு ஹெட்போன் மாறும். அந்த மூன்று நண்பர்களும் வேறு வேறு நேரத்தில் சிரித்ததற்கு இதுதான் காரணம்.

தாமதமாக வந்த மரியாதை

1977ல் லண்டன் ஈலிங் பகுதியில் புளூம்லைன் வாழ்ந்த வீட்டில் நீலப் பலகை வைக்கப்பட்டது. 2015ல் அபே ரோடு ஸ்டுடியோவில், ஸ்டீரியோவைக் கண்டுபிடித்ததற்காக ஐஇஇஇ அமைப்பின் நினைவுப் பலகை. 2017ல் டெக்னிகல் கிராமி விருது. அவர் இறந்து 75 ஆண்டுகள் கழித்து.

ஹேய்ஸ் ரயில் நிலையத்தில் அவர் குழு எடுத்த அந்த 1935 படம் இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால், இரண்டு காதிலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டாலும் ரயில் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும்.